அண்ணன் வீட்டு வாசலில் தொடங்கும் மலைப்பிரசங்கம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பல ஆண்டுகளாகத் தவறாமல் ஆராதனைக்குப் போகிறீர்கள், தினமும் சுவிசேஷம் வாசிக்கிறீர்கள். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் வாசித்தது எதுவும் துணைக்கு வருவதில்லை. கூட வேலை செய்பவர் உங்கள் உழைப்பைத் தன் உழைப்பாகக் காட்டிப் பதவி உயர்வு வாங்கிவிட்டார். அந்தக் கசப்பில் வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள். சொத்துப் பிரிவினையில் மனம் முறிந்து அண்ணனோடு மூன்று ஆண்டுகளாகப் பேச்சே இல்லை. தவறு முழுவதும் அவருடையது என்று உறுதியாக நம்புகிறீர்கள். "இயேசு சொன்னதை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது, எங்கே தொடங்குவது, அது முடிகிற காரியமா?" என்று கேட்கிறீர்கள்.

முடிகிற காரியம்தான். தொடங்க வேண்டிய இடம் உங்கள் அண்ணன் வீட்டு வாசல். ஏன் என்று சொல்கிறேன்.

மத்தேயு சுவிசேஷத்தின் 5, 6, 7ஆம் அதிகாரங்களைத்தான் மலைப்பிரசங்கம் என்கிறோம். மொத்தம் 111 வசனங்கள். வாய்விட்டு வாசித்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் கடைசியில் இரண்டு வீடுகளின் உவமை வருகிறது. ஒருவன் கன்மலையின்மேல் கட்டினான், மற்றவன் மணலின்மேல் கட்டினான். ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரிந்த கதை. கன்மலை என்றால் விசுவாசம், மணல் என்றால் அவிசுவாசம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் வசனத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். இரண்டு பேருமே இயேசுவின் வார்த்தைகளைக் கேட்டவர்கள். ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மழை வரும்வரை இரண்டு வீடுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும். உங்கள் திங்கட்கிழமை காலை அந்த மழை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிரசங்கத்தில் இயேசு கொடுக்கிற கட்டளைகள் பெரும்பாலும் கையும் காலும் செய்ய வேண்டியவை. காணிக்கையை வைத்துவிட்டுப் போ. உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு. கதவைப் பூட்டு. முகத்தைக் கழுவு. கேட்கிறவனுக்குக் கொடு. "அன்பான உணர்வை உண்டாக்கிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நாமோ உணர்வு வரட்டும் என்று காத்திருக்கிறோம். மனம் இளகினால் மன்னிக்கலாம், பயம் போனால் பேசலாம் என்று வருடங்களைக் கழிக்கிறோம். இயேசுவின் போதனையை வாழ்க்கையில் கொண்டுவர முடியாமல் தவிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்பது பல ஆண்டுகள் வேதபாட வகுப்பு நடத்தியதில் நான் கண்டது.

இப்போது உங்கள் அண்ணனுக்கு வருவோம். மத்தேயு 5:23, 24 இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். இதை முதலில் கேட்டவர்கள் கலிலேயாக்காரர்கள். அவர்களுக்கு பலிபீடம் என்றால் எருசலேம் தேவாலயம்தான். கலிலேயா ஏரிக்கரையிலிருந்து அது சுமார் 120 கிலோமீட்டர். மூன்று நான்கு நாள் நடை. அவ்வளவு தூரம் வந்து, வரிசையில் நின்று, ஆடோ புறாவோ கையில் இருக்கும்போது ஊரிலிருக்கிற சகோதரன் நினைவுக்கு வருகிறான். திரும்பிப் போ என்றால் மறுபடியும் அத்தனை நாள் நடை. பிறகு மீண்டும் எருசலேமுக்கு வர வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். காணிக்கை அதுவரை அங்கேயே கிடக்கட்டும் என்கிறார். கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். கடவுளுக்குச் செலுத்துவதை நடுவில் நிறுத்திவிட்டு மனிதனிடம் போகச் சொல்கிற ஒரு கட்டளை! உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியாது. 120 கிலோமீட்டராகவே இருந்தாலும் இன்று அது சில மணி நேரம்தான்.

"தவறு அவருடையது, நான் ஏன் போக வேண்டும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். வசனம் அந்தக் கேள்வியைத் தாண்டி நிற்கிறது. "உன்பேரில் அவனுக்குக் குறை உண்டானால்" என்றுதான் இருக்கிறது; அந்தக் குறை நியாயமானதா என்ற விசாரணை அங்கே இல்லை. சரி, தவறு முழுக்க அவருடையதாகவே இருக்கட்டும். அதற்கும் வசனம் உண்டு: மத்தேயு 18:15. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், அவனிடத்தில் போய், தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து. குற்றம் உன்னுடையதென்றாலும் போக வேண்டியவன் நீ, அவனுடையதென்றாலும் போக வேண்டியவன் நீ. இருவரும் கீழ்ப்படிந்தால் பாதி வழியில் சந்தித்துக்கொள்வார்கள்.

சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒருவன் கூட்டத்திலிருந்து எழுந்து, தன் சகோதரன் ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி சொல்லும் என்று இயேசுவிடம் கேட்கிறான். உங்கள் வழக்கேதான்! அவர் பங்கு பிரித்துக்கொடுக்க மறுத்துவிடுகிறார். யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று கூட்டம் முழுவதையும் பார்த்துச் சொல்கிறார். இந்தப் பகுதி என்னை எப்போதும் தடுத்து நிறுத்துகிறது. கேட்டவன் நியாயமான பங்கைத்தான் கேட்டிருக்கலாம். நியாயமான பங்கைக் கேட்கும்போதே பேராசை நமக்குள் குடியேறிவிட முடியும் என்பதை இயேசு அறிந்திருந்தார். சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியதைக் கேட்பது பாவமல்ல; அதற்கான வழிகள் இருக்கின்றன. அந்த நிலத்தை அளக்கிற கோலால் அண்ணனை அளக்காதீர்கள்.

மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்ன உவமை மத்தேயு 18இல் இருக்கிறது. அதிலுள்ள எண்களை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுவதால் பாதி அர்த்தம் நழுவிவிடுகிறது. ராஜாவுக்கு ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் ஆண்டுகள். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஆண்டுக்குக் கிடைத்த வருமானமே 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அதாவது ஒரு ஆட்சியாளனின் ஐம்பது ஆண்டு வருமானம் அந்தக் கடன். அது முழுவதும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன் தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

நூறு வெள்ளிப்பணம் சின்னத் தொகை அல்ல, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. இயேசு வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணன் உங்களுக்கு இழைத்தது ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அது உண்மையான கடன். உண்மையாகவே வலிக்கிற கடன். நீங்கள் பெற்றுக்கொண்ட தள்ளுபடிக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. கணக்கைக் கிழிக்கிற பலம் அந்த ஒப்பீட்டிலிருந்துதான் வரும். நல்ல சுபாவத்திலிருந்து வராது. நம்மில் பலருக்கு அவ்வளவு நல்ல சுபாவம் கிடையாது.

உணர்வு வராமல் மன்னிப்பது பாசாங்கு ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. கோரி டென் பூம் என்ற டச்சுப் பெண்மணியின் அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காகக் குடும்பத்தோடு கைதானவர். அவருடைய அக்கா 1944 டிசம்பரில் ராவென்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமிலேயே இறந்துபோனார். 1947இல் மியூனிக் நகரில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அதே முகாமில் காவலாளியாக இருந்தவன் எதிரே வந்து கையை நீட்டினான். கோரிக்குள் அன்பின் சுவடுகூட இல்லை. தம் கையைத் தூக்கவே முடியவில்லை. "கையை நீட்டுவது மட்டும் என்னால் முடியும், உணர்வை நீர் தாரும்" என்ற அளவில்தான் அவருடைய ஜெபம் இருந்தது. இயந்திரம்போலக் கையை நீட்டினார். கை கையைத் தொட்ட பிறகுதான் உள்ளே ஏதோ உருகியது. முதலில் கை, பிறகு நெஞ்சு. மலைப்பிரசங்கத்தின் கட்டளைகளும் அந்த வரிசையில்தான் நம்மை நடத்துகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் பலருடைய வாழ்க்கை நொறுங்கியிருக்கிறது. மன்னிப்பது என்றால் தீமையை மூடிமறைப்பது அல்ல. அடிக்கிற கணவனிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கு என்று ஒரு பெண்ணுக்கு "மறு கன்னத்தைக் காட்டு" என்ற வசனத்தைச் சொல்கிறவர்கள் அந்த வசனத்தைச் சொன்னவரின் நடத்தையைப் பார்க்க வேண்டும். யோவான் 18இல், பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, தகுதியானதைப் பேசினேன் என்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேராகக் கேட்கிறார். பழிவாங்குவதை விட்டுவிடுவது ஒன்று, உண்மையைச் சொல்வதை விட்டுவிடுவது வேறொன்று. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் முதலில் அங்கிருந்து வெளியேறுங்கள், உதவி தேடுங்கள். மன்னிப்பு ஒருவர் தம் உள்ளத்தில் கடவுளுக்கு முன்பாகச் செய்வது. ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். தவறு செய்தவர் மனந்திரும்ப வேண்டும். லூக்கா 17:3 கடிந்துகொள்வதையும் மனஸ்தாபத்தையும் மன்னிப்பையும் ஒரே வசனத்தில் சேர்த்தே வைத்திருக்கிறது.

அலுவலகத்து விஷயத்துக்கும் இதே வெளிச்சம் போதும். அவரிடம் தனியாகப் போங்கள். "அந்த வேலையை நான் செய்தேன், என் பெயர் வராதது எனக்கு வேதனையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவரிடம் சொல்வதற்கு முன்பே நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது, இல்லையா? அநேகமாக எல்லாரும் செய்கிற தவறு அது. மத்தேயு 18இன் வரிசை அதற்கு நேர்மாறானது: முதலில் அவர் மட்டும், பிறகு ஒன்றிரண்டு பேர், அதற்குப் பின்புதான் மற்றவர்கள். நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வதிலும் தவறு இல்லை, மேலே சொன்ன வரிசையில் அது வந்தால்.

ஒரு மைல் தூரம் வரும்படி ஒருவன் உன்னைப் பலவந்தம்பண்ணினால் அவனோடு இரண்டு மைல் போ என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்கிறாரே, அந்த இரண்டாம் மைலும் இந்த இடத்துக்கு உரியது. ரோமப் போர்வீரன் வழியில் போகிறவனைப் பிடித்துத் தன் சுமையைச் சுமக்க வைக்கலாம். அந்தக் கட்டாயத்துக்கு மத்தேயு பயன்படுத்துகிற கிரேக்கச் சொல்லையே, சிரேனே ஊரானாகிய சீமோனை இயேசுவின் சிலுவையைச் சுமக்கப் பலவந்தம்பண்ணின இடத்திலும் பயன்படுத்துகிறார். முதல் மைல் வரை நீ அவனுடைய அடிமை. இரண்டாம் மைலைத் தொடங்குகிற நொடியில் நீ சுதந்திரன். இனி நீ நடப்பது உன் விருப்பத்தால். அலுவலகத்தில் உங்களுக்குப் பிடிக்காதவருக்கு, கேட்காமலே ஒரு சிறு உதவி செய்து பாருங்கள். அவரைக் கவர அல்ல. அவர்மேலுள்ள கசப்பின் பிடியிலிருந்து நீங்கள் வெளியே வருவதற்கு. அவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபியுங்கள். ஒருவருக்காக ஒரு மாதம் உண்மையாக ஜெபித்துவிட்டு அவரை அதே அளவு வெறுப்பது கடினம்.

வீட்டில் எரிந்து விழுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை; உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். கொலை செய்யாதே என்ற கட்டளைக்கு இயேசு கொடுக்கிற விளக்கத்தில் கத்தி இல்லை, வசைச்சொல்தான் இருக்கிறது. "வீணன்" என்று நம் வேதாகமத்தில் வருகிற இடத்தில் மூலத்தில் இருப்பது "ராக்கா" என்ற அரமேயச் சொல். மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்று பொருள்படும் வசை. பிள்ளைகளிடம் நாம் தினமும் சொல்கிற சொல் அது. அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், அன்றிரவே பிள்ளையின் படுக்கையருகே போய், "அப்படிச் சொன்னது தப்பு, மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். பெற்றோர் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்த பிள்ளைக்கு மலைப்பிரசங்கத்தை யாரும் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 6ஆம் அதிகாரம் தருமம், ஜெபம், உபவாசம் மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறது. உதவி செய்வதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புகிற இந்தக் காலத்தில், யாருக்கும் தெரியாமல் மாதம் ஒரு உதவியாவது செய்யுங்கள். பெற்றவருக்கும் தெரியாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கடவுள் மட்டும் அறிந்த ஒரு செயல் உங்கள் வாழ்க்கையில் இருக்கும்போது, அலுவலகத்தில் பெயர் வராமல் போன வலி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை நான் என் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன்.

தவறி விழுவீர்கள், சந்தேகமில்லை. ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று இயேசுவிடம் கணக்குக் கேட்டவர் அவருடைய சீஷர் பேதுரு. ஏழெழுபதுதரம் என்ற பதிலைக் கேட்டவரும் அவரே. அந்தப் பதில் ஒருநாள் தமக்கே தேவைப்படும் என்று அன்று அவருக்குத் தெரியாது. இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பருகே நின்று குளிர்காய்ந்தபடி அவரை மூன்றுமுறை மறுதலித்தார். பிறகு கடற்கரையில், மறுபடியும் ஒரு கரிநெருப்பருகே, மூன்றுமுறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு இயேசு அவரை மீட்டெடுத்தார். யோவான் இரண்டு இடத்திலும் அந்தக் கரிநெருப்பைக் குறிப்பிடுவது எனக்குப் பெரிய ஆறுதல். விழுந்த இடத்தின் வாசனையிலேயே எழுப்புகிறவர் அவர். "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று சொன்னவரும் அவரே என்பதால், இந்த முயற்சியில் நீங்கள் தனியாக விடப்படவில்லை. ஒவ்வொரு காலையும் பலம் கேளுங்கள். ஒவ்வொரு இரவும் எங்கே தவறினீர்கள் என்று இரண்டு நிமிடம் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வசனம், ஒரு ஆள். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வாரத்துக்கு உங்கள் அண்ணன். அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன்பாகவே போய்விடுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், தொலைபேசியில் வருவதாக மட்டும் சொல்லிவிட்டு நேரில் போங்கள். நான் ஒருமுறை ஒரு உறவினரிடம் இப்படிப் போனபோது, வாசல்வரை போய் அழைப்புமணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறைதான் உள்ளே நுழைந்தேன். அதனால் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது: "அண்ணா, மூன்று வருடமாக உங்களோடு பேசாமல் இருந்தது என் தவறு. என்னை மன்னியுங்கள்." அதற்குப் பின்னால் "ஆனால்" என்ற சொல் வரக்கூடாது. முதல் சந்திப்பில் சொத்தை எடுக்காதீர்கள். அவரே எடுத்தால், இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் எழுதியபோது, அப்படியும் நடக்கும் என்பது தெரிந்துதான் எழுதினார். அப்படியானால் கோபப்படாமல் திரும்பி வாருங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் போங்கள். எந்த நாளில் புறப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள். அன்று காலை உங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.